ஐஸ் கேரம் சந்தேகங்கள்: ஜான் ஷூஸ்டரைப் பற்றி எங்கள் மாடியில் கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறையில் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதரை வரை கேரம் சொல்லித் தருகிறேன். நாலு போர்டு, தலைக்கு மேலே நாலு பல்பு. பவுடர் பறக்கும் என்பதால் ஃபேன் போடுவதில்லை. 2018 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம், பவுடர் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, இருந்த ஏழெட்டுப் பசங்களோடு குளிர்கால ஒலிம்பிக்கின் கர்லிங் இறுதிப்போட்டியைப் பார்த்தேன். வேறு ஏதோ தேடப்போய் கண்ணில் பட்டதுதான். அன்றிலிருந்து இந்த ஆட்டத்தைப் பற்றியும், அதில் ஜெயித்த ஜான் ஷூஸ்டரைப் பற்றியும் கேள்விகள் நின்றபாடில்லை. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பையனுக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன.

இன்னாண்ணே இது, தரையைப் பெருக்கினே ஓடுறாங்க?

இதன் பெயர் கர்லிங். ஐஸ் தரையில் கல்லை வழுக்கிவிட்டு, எதிர் முனையில் வரைந்திருக்கும் வட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒரு அணிக்கு நாலு பேர். ஒருவர் தரையோடு தரையாகச் சறுக்கி வந்து கல்லை விடுவார். இரண்டு பேர் கல்லுக்கு முன்னால் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். நாலாவது ஆள் அந்தக் கோடியில் நின்று, எங்கே குறி வைக்க வேண்டும் என்று காட்டுவார். அவருக்கு ஸ்கிப் என்று பெயர், கேப்டன் மாதிரி. கடைசி இரண்டு கல்லையும் பெரும்பாலும் அவரே விடுவார்.

ஸ்காட்லாந்தில் உறைந்த குளங்களின் மேல் பிறந்த ஆட்டம் இது. இன்றைக்குக் கனடாவில் கொடிகட்டிப் பறக்கிறது. ஆடுகளம் ஏறக்குறைய 45 மீட்டர் நீளம், அகலம் ஐந்து மீட்டருக்குள். நம் கேரம் போர்டு 74 சென்டிமீட்டர். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் அவர்கள் கைக்கணக்கு எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

கேரம் மாதிரியா, கோலி மாதிரியா?

கட், ரீபவுண்ட், இரண்டு காயினை ஒரே அடியில் கிளப்புவது, இதெல்லாம் கேரம்தான். ஆனால் பாக்கெட் கிடையாது. பாயிண்ட் கணக்கு கோலிக்குத்தான் பக்கம்.

ஆளுக்கு இரண்டு கல், அணிக்கு எட்டு. இரண்டு அணியும் மாறி மாறி பதினாறு கல்லும் விட்டு முடித்தால் ஒரு எண்ட். வட்டத்தை 'வீடு' என்கிறார்கள். வீட்டின் நடுப்புள்ளிக்கு மிக அருகில் யார் கல் இருக்கிறதோ அந்த அணிக்கு மட்டும்தான் பாயிண்ட். எதிராளியின் நெருக்கமான கல்லைவிட உள்ளே எத்தனை கல் வைத்திருக்கிறார்களோ அத்தனை பாயிண்ட். அடுத்தவனுக்கு முட்டை. இப்படி பத்து எண்ட்.

ஒரு விஷயத்தை இங்கேயே மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள், பின்னால் திரும்பத் திரும்ப வரும். எண்டின் கடைசிக் கல் யாருடையதோ அவருக்குத்தான் லாபம். அந்த உரிமைக்கு ஹாமர் என்று பெயர். பாயிண்ட் எடுத்த அணி அடுத்த எண்டில் ஹாமரை எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும். நமக்கு பிரேக் கிடைப்பது எப்படியோ அப்படி, ஆனால் தலைகீழாக. நாம் முதல் அடிக்கு அடித்துக்கொள்கிறோம், அவர்கள் கடைசி அடிக்கு.

கல்லு எவ்ளோ வெயிட்டு? நம்ம ஸ்ட்ரைக்கர் மாதிரி கடையில வாங்கிக்கலாமா?

நம் ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம். அந்தக் கல் 17 கிலோவுக்கு மேல், கிட்டத்தட்ட 20 கிலோ வரை போகும். வீட்டில் வாங்கும் கேஸ் சிலிண்டரில் உள்ளே இருக்கிற கேஸை மட்டும் எடை போட்டால் 14 கிலோ சொச்சம். அதைவிடக் கனம்.

ஒலிம்பிக் கற்கள் ஸ்காட்லாந்து கடலில் உள்ள எய்ல்சா கிரெய்க் என்ற ஆளில்லாத தீவின் கிரானைட்டில் செய்தவை. நெருக்கமான மணிகள் கொண்ட கல் என்பதால் தண்ணீர் உள்ளே இறங்காது, மோதினால் சில்லு பெயராது. மாக்லின் என்ற ஊரில் 1851 முதல் ஒரு கம்பெனி இதைக் கடைந்து தருகிறது. யாரும் கல்லைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைவதில்லை. கல் போட்டி நடக்கும் இடத்தில் இருக்கும். சொந்தமாகக் கொண்டுபோவது பிரஷ்ஷும் ஷூவும்தான்.

பெருக்கறதுல நெஜமாவே எதாச்சும் ஆவுதா, சும்மா சீனா?

சீன் இல்லை. ஐஸ் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது. ஆட்டத்துக்கு முன் அதன் மேல் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்து உறைய விடுகிறார்கள். பலாப்பழத் தோல் மாதிரி பொடிப்பொடி மேடுகள் நிற்கும். கல்லின் அடிப்பக்கம் நடுவில் குழிந்திருக்கும். ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான் அந்த மேடுகள் மேல் படும். பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பு லேசாகச் சூடாகி உராய்வு குறைகிறது. கல் இன்னும் இரண்டு மூன்று மீட்டர் கூடுதலாக ஓடும், வளைவதும் குறையும்.

யோசித்துப் பாருங்கள். ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் போன பிறகும் அதை ஓட்டிக்கொண்டே போகலாம் என்றால்? நாம் அடித்துவிட்டு வாயைப் பிளந்து பார்ப்பதோடு சரி. அங்கே கல்லை விட்டபிறகுதான் பாதி வேலையே. அதனால்தான் அவ்வளவு கத்தல்.

சரி, யாரு இந்த ஷூஸ்டர்? மரியா இருதயம் படத்துக்குப் பக்கத்துல இவரு ஏன்?

சுவரில் மூன்று நம்ம கேரம் ஆட்கள் இருக்கிறார்கள். 1991, 1995 இரண்டு தடவை உலக சாம்பியன் ஆன மரியா இருதயம், வியாசர்பாடியிலிருந்து போய் 2008இல் உலக சாம்பியன் ஆன இளவழகி, 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கி வந்த புதுவண்ணாரப்பேட்டை காசிமா. நாலாவதாக இவரை ஒட்டியதற்குக் காரணம் இருக்கிறது. கீழே வரும்.

ஜான் ஷூஸ்டர் 1982இல் பிறந்தவர். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் வடக்கே இரும்புச் சுரங்க வட்டாரத்துப் பையன். பீட் ஃபென்சன் என்ற ஸ்கிப்பின் அணியில் லீட், அதாவது முதல் இரண்டு கல்லை விடும் ஆளாக, தேசிய சாம்பியன் ஆனார். அந்த அணியோடு 2006 டூரின் ஒலிம்பிக்கில் வெண்கலம். கர்லிங்கில் அமெரிக்காவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். அப்போது அவருக்கு 23 வயது. அதோடு நின்றிருந்தாலே நல்ல கணக்கு. அவர் நிற்கவில்லை. சொந்த அணி அமைத்து ஸ்கிப் ஆனார். அப்புறம்தான் கதையே.

அங்கயும் டிஸ்ட்ரிக்ட், ஸ்டேட், நேஷனல்னு ஏறணுமா?

ஏறத்தாழ. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். நம்மிடம் ஆளைத் தேர்ந்தெடுத்து அணி போடுவார்கள். அங்கே நாலு பேர் சேர்ந்து அணியாகவே வருவார்கள், அணியாகவே ஜெயிப்பார்கள், தோற்றால் அணியாகவே வீட்டுக்குப் போவார்கள். தேசிய சாம்பியன்ஷிப்பில் ஜெயித்த நாலு பேர்தான் நாட்டுக்காக ஆடுவது என்பது பழைய வழக்கம். ஒலிம்பிக்குக்கு மட்டும் நாலு வருஷத்துக்கு ஒரு முறை தனியாகத் தேர்வுப் போட்டி. கனடாவில் இது இன்னும் கடுமை. 1927இல் தொடங்கிய பிரையர் என்ற ஆண்கள் தேசியப் போட்டிக்குப் பெரும்பாலான அணிகள் மாகாணத்தை ஜெயித்துத்தான் போக வேண்டும். போய்ச் சேர்ந்தாலே ஊதா நிறத்தில் இதய வடிவ பேட்ஜ் ஒன்று தருவார்கள். அதைச் சட்டையில் தைத்துக்கொள்வதற்காகவே ஆயுசு முழுக்க ஆடியவர்கள் உண்டு.

எங்கள் பக்கத்தில் டபுள்ஸ் ஆடும் எல்லோருக்கும் இந்த அணி விவகாரம் எளிதில் புரியும். நானும் ஒரு மாவட்டப் போட்டியில் பார்ட்னரோடு பேச்சுவார்த்தை இல்லாமலே செமிஃபைனல் வரை போனேன். செமிஃபைனலில் ரெட் எடுத்த கையோடு கவர் போடாமல் விட்டான். 'பார்த்தாயா' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அத்தோடு முடிந்தது ஆட்டம். நாலு பேரை வைத்துக்கொண்டு இதே பிரச்சினையைச் சமாளிப்பது என்றால் நினைக்கவே பகீர் என்கிறது.

கேப்டனையே பெஞ்சுல உக்கார வெச்சாங்களாமே?

ஆமாம். 2010 வான்கூவர் ஒலிம்பிக். ஷூஸ்டர் ஸ்கிப்பாகப் போன முதல் ஒலிம்பிக். முதல் நாலு ஆட்டமும் தோல்வி. ஐந்தாவது ஆட்டத்தில் பிரான்ஸுக்கு எதிராக அவரை உட்காரவைத்துவிட்டு, மாற்று ஆட்டக்காரராக இருந்த கிறிஸ் பிளைஸ் என்ற இளைஞரை இறக்கினார்கள். அந்த ஆட்டம் ஜெயித்தது. உட்கார்ந்திருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? அவர் பெயரில் ஓடும் அணி, அவர் இல்லாத அன்றைக்கு ஜெயிக்கிறது.

பிறகு திரும்பவும் ஆடினார். மொத்தக் கணக்கு இரண்டு வெற்றி, ஏழு தோல்வி. கடைசி இடம். கையில் வந்த ஆட்டத்தைக் கோட்டை விடுவதற்கு அவர் பெயரையே வினைச்சொல்லாக்கி இணையத்தில் கேலி செய்தார்கள். கிறிஸ் பிளைஸ் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

ரெண்டு ஒலிம்பிக்ல மண்ணைக் கவ்வினவரை மூணாவது தடவை எவன் அனுப்புனான்?

எங்கள் துறைமுகத்து ரிட்டையர்டு அண்ணன் ஒருவர் கேட்ட கேள்வி. அவருக்கு எதையும் மெதுவாகக் கேட்கத் தெரியாது. 2014 சோச்சியிலும் ஷூஸ்டருக்கு அதே இரண்டு வெற்றி, ஏழு தோல்விதான். பத்து அணிகளில் ஒன்பதாவது.

யாரும் அனுப்பவில்லை என்பதுதான் பதில். சோச்சிக்குப் பிறகு அமெரிக்க கர்லிங் சங்கம் ஆட்டக்காரர்களை வரவழைத்துத் தேர்வு வைத்து, பயிற்சியும் பணமும் தந்து வளர்க்க ஒரு குழுவை எடுத்தது. அதில் ஷூஸ்டர் பெயர் இல்லை. அவர் டைலர் ஜார்ஜ், மேட் ஹாமில்டன், ஜான் லேண்ட்ஸ்டைனர் ஆகிய மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஆட ஆரம்பித்தார். 'கழித்துக் கட்டப்பட்டவர்கள்' என்று தங்களையே கிண்டலாகச் சொல்லிக்கொண்டார்கள். உடம்பைக் குறைத்தார், ஜிம்முக்குப் போனார். 2015 தேசியப் போட்டியில் சங்கம் எடுத்த ஆட்களையெல்லாம் தாண்டி இந்த அணியே சாம்பியன் ஆனது. அப்புறம் சங்கமே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. 2016 உலகப் போட்டியில் வெண்கலம், 2017இல் மறுபடி தேசிய சாம்பியன், அந்த வருஷ நவம்பரில் ஒமாஹாவில் நடந்த ஒலிம்பிக் தேர்விலும் வெற்றி.

சுவரில் ஏன் ஒட்டினேன் என்பதற்கும் இதுதான் பதில். செலக்‌ஷனில் பெயர் வராத நாளில் பசங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பையன் ஸ்ட்ரைக்கரையே கூவம் பக்கம் வீசிவிட்டு வந்தான். அவனை அந்தப் படத்துக்குக் கீழே உட்காரவைத்து இந்தக் கதையைச் சொன்னேன். பாதி கேட்டான். ஸ்ட்ரைக்கருக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

2018ல இன்னா ஆச்சுன்னு முழுசா சொல்லுங்க.

தென்கொரியாவில் கங்னுங் அரங்கம். முதல் சுற்றில் ஒன்பது ஆட்டம். ஆறு முடிந்தபோது அமெரிக்கா இரண்டு வெற்றி, நாலு தோல்வி. பழைய கதைதான் என்று எல்லோரும் முடிவு கட்டியாயிற்று. இன்னொன்று தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்ற நிலையில் எதிரே கனடா. ஜெயித்தார்கள். அடுத்து சுவிட்சர்லாந்து, அடுத்து பிரிட்டன். ஐந்துக்கு நாலு என்று தொற்றிக்கொண்டு அரையிறுதிக்குள் போனார்கள். அங்கே மறுபடி கனடா. 5-3. அமெரிக்க ஆண்கள் அணி முதல் முறையாக இறுதியில்.

எதிரே நிக்லாஸ் எடினின் ஸ்வீடன். அப்போது உலகத்தின் தலைசிறந்த அணிகளில் ஒன்று. ஏழு எண்ட் முடிந்தபோது 5-5. எட்டாவது எண்டில் ஹாமர் அமெரிக்காவிடம். வீட்டுக்குள் அமெரிக்கக் கற்கள் நிறையக் கிடக்கின்றன, ஆனால் ஸ்வீடன் கல் இரண்டு குறுக்கே நிற்கிறது. கடைசிக் கல் ஷூஸ்டருடையது. போன் திரை சின்னது, என்ன நடக்கிறது என்று பசங்களுக்கு முழுசாகத் தெரியவில்லை. நான் ஒரு போர்டில் காயினை அடுக்கிக் காட்டினேன்: கறுப்பு ரெண்டு, வெள்ளை அஞ்சு, ஒரே அடியில் கறுப்பு ரெண்டும் வெளியே போகணும், வெள்ளை எதுவும் கெடக் கூடாது. 'அண்ணே, அடிச்சுட்டாரு' என்றான் ஒருவன், நான் குனிந்து காயின் அடுக்கிக்கொண்டிருந்தபோதே. அந்த அடியை நான் நேரலையில் பார்க்கவே இல்லை. பிறகு ரீப்ளேயில்தான் பார்த்தேன். இரண்டு கல்லும் வெளியே. ஒரே எண்டில் ஐந்து பாயிண்ட்.

ஒலிம்பிக் இறுதியில் ஐந்து என்பது நம் ஆட்டத்தில் ஒயிட் ஸ்லாம், அதாவது பிரேக் எடுத்தவனே ஒரே மூச்சில் எல்லாக் காயினையும் போட்டு முடித்த மாதிரி. ஒன்பதாவது எண்டில் ஸ்வீடன் இரண்டு எடுத்தது. பத்தாவதில் இனி வழியில்லை என்றதும் எடின் கையை நீட்டினார். 10-7. கர்லிங்கில் அமெரிக்காவின் முதல் தங்கம். பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது.

கடைசிக் கல்லு அவ்ளோ லாபம்னா, சில சமயம் வேணும்னே வெளிய வுடறாங்களே ஏன்?

நல்ல கேள்வி. கூர்ந்து பார்ப்பவன்தான் இதைக் கேட்பான். இரண்டாவது கேள்வியில் சொன்னதை நினைவில் வையுங்கள்: பாயிண்ட் எடுத்தால் ஹாமர் கைமாறிவிடும். ஹாமர் வைத்திருப்பவருக்கு ஒரே ஒரு பாயிண்ட்தான் கிடைக்கும் என்றால் அது நஷ்டக் கணக்கு. ஒன்றை வாங்கிக்கொண்டு கடைசி அடியைத் தாரை வார்க்க வேண்டும். அதனால் வீட்டைக் காலி செய்து, தன் கல்லையும் வெளியே விட்டு, யாருக்கும் பாயிண்ட் இல்லாமல் எண்டை முடித்துவிடுவார். ஹாமர் அவரிடமே தங்கும். அடுத்த எண்டில் இரண்டோ மூன்றோ பார்க்கலாம் என்று காத்திருப்பார்.

எதிர் அணியின் திட்டம் இதற்கு நேர் எதிர். ஹாமர் வைத்திருப்பவரை ஒன்றே ஒன்று எடுக்கும்படி நெருக்குவது. கடைசி எண்ட்களில் ஒரு பாயிண்ட் முன்னால் இருப்பதா, ஹாமரோடு ஒரு பாயிண்ட் பின்னால் இருப்பதா என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். யோசிக்கவும் கணக்கு உண்டு. பத்து எண்டுக்கும் சேர்த்து ஒரு அணிக்கு 38 நிமிடம், செஸ் கடிகாரம் மாதிரி.

யாராவது காலாலத் தட்டிட்டா ஃபவுல் யாரு சொல்றது?

தட்டியவரே. ஓடும் கல்லில் பிரஷ்ஷோ ஷூவோ பட்டால் பட்டவரே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும் என்பது எழுதப்பட்ட மரபு. எந்தக் கல் உள்ளே, எந்தக் கல் வெளியே என்பதையும் இரண்டு அணியின் மூன்றாவது ஆட்களும் பேசி முடிவு செய்வார்கள். ஒத்துவரவில்லை என்றால்தான் அளப்பதற்கு நடுவரைக் கூப்பிடுவார்கள். கல்லைக் கோட்டுக்கு முன் விட்டாரா என்பதை மட்டும் பெரிய போட்டிகளில் கைப்பிடிக்குள் இருக்கும் சென்சார் பார்த்துக்கொள்ளும். எங்கள் மாடியில் முழங்கை கோட்டைத் தாண்டியது என்று சொன்னாலே அரை மணி நேரச் சண்டை. இதை அங்கே சொல்லாதீர்கள்.

ஐஸைத் தேய்க்கற பிரஷ்லயே பித்தலாட்டம் பண்ணலாமே?

செய்தார்கள், அல்லது செய்ததாக ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னார்கள். 2015-16 பருவத்தில் சொரசொரப்பான புதுத் துணி போட்ட பிரஷ்கள் வந்தன. அதை வைத்து ஒரு பக்கமாகத் தேய்த்தால் கல்லை ரிமோட் வைத்த மாதிரி திருப்ப முடிந்தது. நன்றாக விட்ட கல்லுக்கும் மோசமாக விட்ட கல்லுக்கும் வித்தியாசமே இல்லாமல் போனது. கடைசியில் உலக சங்கம் தலையிட்டு, எந்தத் துணி போடலாம் என்று 2016இல் ஒரே வகையை நிர்ணயித்தது. போரிக் பவுடரில் எதையோ கலந்து கொண்டுவருபவர்கள் நம்மிலும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

எம் புள்ளை இதையே பாத்துனுக்கீறான். இதுல சோறு கிடைக்குமாப்பா?

இதைக் கேட்டவர் ஒரு அம்மா, மாடிப்படியில் நின்றபடி. அவரிடம் சொன்னதையே எழுதுகிறேன். 2018இல் தங்கம் ஜெயித்த அணியில் டைலர் ஜார்ஜ் ஒரு மதுக்கடை மேனேஜர். லேண்ட்ஸ்டைனர் இன்ஜினியர். ஹாமில்டன் ஒரு ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். டைலர் ஜார்ஜ் ஒலிம்பிக்கில் போட்டிருந்த ஷூ எட்டு வருஷம் பழையது, ஓரம் கிழிந்தது. தங்கத்துக்கு அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி ஆளுக்கு 37,500 டாலர் கொடுத்தது. நல்ல தொகைதான், ஆனால் நாலு வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் ஜெயித்தால்.

அந்த அம்மா கேட்டுவிட்டு, 'அப்போ நம்ம கேரம் கதைதான்' என்றார். அவ்வளவுதான். கேரத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கியவர்கள் உண்டு. அதுவும் பள்ளிப் பாடத்தை விடாதவர்களுக்கு. பையன் இப்போது ஒன்பது மணிக்கு மேல் மாடியில் இருப்பதில்லை.

பொண்ணுங்க ஆடுறாங்களா?

சமமாக. கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ் 2014 ஒலிம்பிக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தங்கம் வாங்கினார். தொழில் வக்கீல். ரேச்சல் ஹோமன் 2021 தேசியப் போட்டியில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு ஐஸில் இறங்கி ஸ்கிப்பாக ஆடினார். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் இரட்டையர் பிரிவும் 2018இல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. மேட் ஹாமில்டன் அதில் தன் தங்கை பெக்காவோடு ஆடினார்.

சுத்திவிட்ட பக்கமே கல்லு வளையுது. டம்ளரைச் சுத்திவிட்டா எதிர்ப்பக்கம் போவுதே?

இதைக் கேட்டவன் பாலிடெக்னிக் படிக்கிறான். நாங்கள் செய்து பார்த்தோம். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, போர்டின் மேல் வலப்பக்கமாகச் சுழற்றித் தள்ளினால் அது இடப்பக்கம் ஒதுங்கும். முன் விளிம்பு அதிகம் அழுந்துவதால் அங்கே உராய்வு கூடுகிறது என்பது காரணம். கர்லிங் கல்லை வலப்பக்கமாகச் சுழற்றினால் வலப்பக்கமே வளைகிறது. முன்பக்க ஐஸ் லேசாக உருகி உராய்வு குறைகிறது என்று ஒரு சாரார், கல்லின் வளையம் ஐஸில் கீறும் மெல்லிய கோடுகள் அதைத் திருப்புகின்றன என்று இன்னொரு சாரார். விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

இப்பவும் ஆடுறாரா? ரிட்டையரா?

2022 பெய்ஜிங்குக்கும் போனார், அது ஐந்தாவது ஒலிம்பிக். தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியைப் பிடித்து வந்த இருவரில் ஒருவர். அணியின் மூன்றாவது ஆள் யார் தெரியுமா? 2010இல் இவருக்குப் பதிலாக இறங்கிய அதே கிறிஸ் பிளைஸ். அரையிறுதியில் பிரிட்டனிடமும் வெண்கல ஆட்டத்தில் கனடாவிடமும் தோற்று நாலாவது இடம்.

2026 ஒலிம்பிக்குக்காக 2025 நவம்பரில் தேர்வுப் போட்டி. ஷூஸ்டருக்கு 43 வயது. இறுதியில் டேனி காஸ்பர் என்ற இளைஞரின் அணியிடம் தோற்றார். ஆறாவது ஒலிம்பிக் கிடைக்கவில்லை.

காசிமேட்டுல பார் ஐஸ் இருக்கே, அடுக்கி வெச்சு ஆடலாமா?

மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கப் போகும் ஒரு பையன் உண்மையாகவே கேட்டான். முடியாது தம்பி. தரை மட்டக்கோல் வைத்த மாதிரி சமமாக இருக்க வேண்டும், தண்ணீரில் உப்போ அழுக்கோ இருக்கக் கூடாது, ஐஸின் மேற்பரப்பு மைனஸ் ஐந்து டிகிரி அளவில் நிற்க வேண்டும், அதற்குமேல் துளி மேடு போட வேண்டும். நம்மூர் மே மாதத்தில் பார் ஐஸ் லாரியில் இருந்து இறங்குவதற்குள்ளேயே ஒழுக ஆரம்பித்துவிடும். கல்லுக்கு அடியில் சின்னச் சக்கரம் வைத்துச் சாதாரணத் தரையில் ஆடும் ஒரு வகை இருக்கிறது. அதுதான் நமக்கு ஆகும்.

கப்பு குடுக்கும்போது ஏதோ தப்பு நடந்துச்சாமே?

நடந்தது. 2018 பதக்க மேடையில் ஷூஸ்டர் அணிக்குப் போட்ட தங்கப் பதக்கத்தில் 'பெண்கள் கர்லிங்' என்று பொறித்திருந்தது. பிறகு சரியானதை மாற்றிக் கொடுத்தார்கள். எங்கள் அலமாரியில் 'இரட்டையர்' என்பதை 'இரட்டடையர்' என்று பொறித்த கோப்பை ஒன்று இருக்கிறது. அதை யாரும் மாற்றித் தரவில்லை, போய்க் கேட்க நேரமும் இல்லை.